வறுத்த கோழியைக் கழுவியவன்

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்தால் பொறாமைப்படலாம். கூடப் படித்தவனுக்கு பாங்கில் வேலை கிடைத்தால் பொறாமைப்படலாம். அதெல்லாம் கௌரவமான பொறாமை. வெளியே சொன்னால்கூட நாலு பேர் தலையாட்டுவார்கள். நான் என் இருபத்தொன்பதாவது வயதில், திண்டுக்கல்லில், மீசை நரைத்த ஒரு தோல் வியாபாரியைப் பார்த்து வயிறெரிந்து சோறு இறங்காமல் கிடந்தேன். காரணம் ஒரு பூனை. என் பூனை அவர் மடியில் உட்கார்ந்தது.

(சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். போகப் போக இன்னும் கேவலமாக இருக்கும்.)

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இன்ஸ்ட்ரக்டர். காலை ஆறு மணி பேட்சிலிருந்து ‘ஏ எஸ் டி எஃப்’ சத்தத்துக்கு நடுவே வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஏழாம் நம்பர் மெஷினின் ரெக்ஸின் உறையைத் தூக்கினால் உள்ளே ஒரு பூனைக்குட்டி. வெள்ளை உடம்பில் அங்கங்கே மஞ்சள் திட்டு. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில் நான் விழுந்தவன்தான். டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இதுக்கு யாரு பால் ஊத்துறது?" என்றாள் என் மனைவி சரோஜா.

"நான் ஊத்துறேன்."

"எனக்கு ஒரு வாய் காப்பி போட்டுத் தர துப்பில்ல. பூனைக்குப் பால் ஊத்துறாராம்."

துரை என்று பெயர் வைத்தேன். எங்கள் வீடு சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்கிறதென்று தெரிந்த நாளிலிருந்து சரோஜா பேக்கரி இருக்கிற பக்கமே திரும்ப மாட்டாள். அப்படிப்பட்ட வீட்டில் துரை தயிர்சாதம் தின்று வளர்ந்தான். திண்டுக்கல்லிலேயே சைவப் பூனை என்னுடையது ஒன்றுதான் என்று இன்ஸ்டிடியூட்டில் பெருமையடித்துக்கொள்வேன். (கொல்லைப்பக்கம் அவன் பிடித்த எலிகளை நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.)

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு எதிர் வீட்டுக்குக் காதர் பாய் குடிவந்தார்.

தோல் மண்டியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருந்தவர். பகல் முழுக்க முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மெதுவாகப் பேசுவார், யாரையும் கடிந்து பேச மாட்டார். இப்படிப்பட்ட மனிதர் மேல் பொறாமைப்படுவது ரொம்பக் கஷ்டம். நான் கஷ்டப்பட்டுப் பொறாமைப்பட்டேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், துரை அவர் மடியில் கிடக்கிறான். குறுகுறுவென்று அவன் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. என்னிடம் ஒரு நாளும் அவன் அவ்வளவு சத்தமாகக் குறுகுறுத்தது கிடையாது.

"வாங்க தம்பி," என்றார் பாய். "இவன் உங்க வீட்டுப் பிள்ளைதானா? சுல்தான்னு பேரு வச்சிருக்கேன். கூப்பிட்டா ஓடி வாரான்."

"அவன் பேரு துரைங்க."

"அப்படியா? தெரியாமப் போச்சே! துரை!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பூனை அசையவில்லை. "சுல்தான்!" என்றார். உடனே தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. பாய்க்கே சங்கடமாகிவிட்டது. "நம்ம குரல் பழகிருச்சு போல," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் எனக்குத் தாங்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ரெண்டு வருஷம் பாலூற்றி வளர்த்தவனை ரெண்டே வாரத்தில் ஒருவர் பிரித்துவிட முடியுமென்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கறி! பாய் வீடு, பிரியாணி, எலும்பு. வேறென்ன வேண்டும்? தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிப் போட்டி போடுவது?

அன்றிலிருந்து துரை வீட்டுக்குள் நுழைந்தால் அவனைத் தூக்கி வாயை மோந்து பார்ப்பேன். மசாலா வாசம் வருகிறதா, நெய் வாசம் வருகிறதா என்று துப்பறிவேன். இதைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்த சரோஜா ஒரு நாள் சொன்னாள்: "கல்யாணமான புதுசுல நான் தலையில வச்ச மல்லிப்பூவைக்கூட நீங்க இப்படி மோந்து பாத்ததில்ல."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.)

வாசம் ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பாடு போட்டதும் பாய் பூனையின் வாயைத் துடைத்துவிடுகிறார் என்று முடிவுகட்டினேன். பொறாமை வந்துவிட்டால் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் தெரியுமா! அந்த வேகத்தில் டைப் அடித்திருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் கறி போட்டு இழுத்தால் நானும் கறி போட்டு இழுப்பேன்.

சரோஜா சின்னாளபட்டியில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குச் சுங்கடிச் சேலை எடுக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். பிறந்ததிலிருந்து அந்த மாதிரிக் கடை வாசலில் நின்றதுகூடக் கிடையாது. தெரிந்தவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று நெற்றியில் இருந்த விபூதியை அழித்துக்கொண்டேன்.

"என்ன சார் வேணும்?" என்றார் சர்வர்.

"கறி."

"என்ன கறி?"

"என்ன இருக்கு?"

அவர் ஒரே மூச்சில் ஒப்பித்தார். "சுக்கா, ஈரல், குடல், மூளை, நெஞ்செலும்பு, கோழி வறுவல்." எனக்குப் பள்ளிக்கூடத்து உயிரியல் பாடம் ஞாபகம் வந்து தலை சுற்றியது.

"கடைசியாச் சொன்னது. பார்சல். காரம் இல்லாம."

"வறுவல்ல காரம் இல்லாமயா? யாருக்கு சார், குழந்தைக்கா?"

"ஆமா."

"எத்தனை வயசு?"

"ரெண்டு."

"அப்ப எலும்பை உருவிட்டுத் தரட்டா சார்? சின்னப் புள்ளைக்குத் தொண்டையில மாட்டிக்கிரும்."

அந்த நல்ல மனிதர் சொன்ன வார்த்தையைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம் வேணாம்! எலும்போடயே குடுங்க. எலும்புதான் அவனுக்கு உசிரு." சர்வர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடியே பொட்டலம் கட்டினார்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் வறுவல் செக்கச்செவேலென்று இருந்தது. அதன் நெடியில் எனக்கே கண்ணில் நீர் கட்டியது. இதை அப்படியே போட்டால் துரை துடித்துப்போவானே! எங்கள் தெரு முனையில் அடிபம்பு இருந்தது. அங்கே போய் ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வறுவலைத் துண்டு துண்டாகக் கழுவினேன். திண்டுக்கல்லில் அன்றைக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று அந்த ஊரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வரிசையில் பதினைந்து குடம் நின்றது.

"ஏலே!" என்று ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தியது. "ஒரு கொடம் தண்ணிக்கு காலையிலருந்து காஞ்சு கெடக்கோம். நீ வறுத்த கோழியைக் கழுவுறயா? வறுத்ததைக் கழுவித் திங்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

"எனக்கில்லங்க."

"பின்னே யாருக்கு?"

பூனைக்கு என்று சொல்லியிருந்தால் அந்தப் பம்பிலேயே என்னை அடித்துப் போட்டிருப்பார்கள். பாதி கழுவிய கோழியோடு ஓடிவந்துவிட்டேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் துரையைக் கூப்பிட்டு வைத்தேன். ஆத்தாடி! அவன் தின்ற தீனியை எழுத்தில் சொல்ல முடியாது. உர்ரென்று உறுமிக்கொண்டே தின்றான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கக் கேட்க என் காதில் தேன் பாய்ந்தது. எதிர் வீட்டைப் பார்த்து மனதுக்குள், ‘இனிமே கூப்பிடுங்க பாய், பாப்போம்!’ என்று சவால் விட்டேன்.

தின்று முடிக்கும்போது திடீரென்று தலையை உதறினான். முன்னங்காலால் வாயோரத்தை ரெண்டு மூன்று தடவை இழுத்துவிட்டான். நல்ல விருந்து தின்ற திருப்தியில் மீசை முறுக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மிச்சம் மீதி இல்லாமல் பொட்டல இலையைச் சுருட்டிப் புதைத்தேன். கல்லைக் கழுவினேன். கையில் மூன்று தடவை சோப்புப் போட்டேன். சரோஜா புதுச் சேலையோடு வந்து, "நல்லாருக்கா?" என்றாள். சேலையைப் பார்க்காமலே, "ரொம்ப நல்லாருக்கு," என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. துரை தட்டுக்கு வந்தான், தயிர்சாதத்தை மோந்து பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். செத்த நேரம் கழித்து மறுபடி வந்தான், மறுபடி மோந்தான், மறுபடி போனான். எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. நேற்றுக் கோழி போட்டதற்கு இன்றைக்குத் தயிர்சாதம் கசக்கிறதோ? இல்லை, காலையிலேயே பாய் வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, எனக்காகச் சும்மா வந்து மோந்து பார்க்கிறானோ?

செவ்வாய்க்கிழமை அவன் வாயோரத்தில் எச்சில் ஒழுகியது. எதிர் வீட்டுச் சமையல் வாசத்துக்கு இங்கே உட்கார்ந்தபடியே எச்சில் ஊறுகிறது என்று நினைத்தேன். எப்போதும் நக்கி நக்கி உடம்பை வெள்ளையாக வைத்திருப்பவன் அன்றைக்குப் பிசுபிசுத்துப்போய்க் கிடந்தான். பாய் வீட்டு நெய்ப் பிசுக்கு! தூக்கி வாயை மோந்தேன். குப்பென்று நாறியது. ஆகா, மாட்டிக்கொண்டார் பாய், பழைய கறி போடுகிறார் என்று எனக்குக் குதூகலம்கூட வந்தது. புதன்கிழமை அவனை ஆளையே காணோம். தேடிப் பார்த்தால் குளியலறையில் வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால், விறகு இடுக்கில் சுருண்டு கிடந்தான். என் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறான், படட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பூனை தன்னால் முடிந்த எல்லா வழியிலும் "எனக்கு முடியலை, முடியலை" என்று நாலு நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஒவ்வொன்றையும் எதிர் வீட்டு மனிதருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

சரோஜாதான் வியாழக்கிழமை காலையில் வாயைத் திறந்தாள். "என்னங்க, துரை சோறு தின்னு நாலு நாளாகுது. அதுக்கு என்னமோ செய்யுது."

"அதுக்கு ஒண்ணும் செய்யலை. அதை ஒருத்தரு என்னமோ செய்யுறாரு," என்று சட்டையை மாட்டிக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனேன்.

பாய் பலகையில் உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

"பாய், நீங்க வயசுல பெரியவரு. ஆனா இது நல்லால்ல. ஒருத்தன் வீட்டுப் பூனையைக் கறியைக் காட்டி மயக்கி, அவன் சோத்தையே தொடாமப் பண்றது நியாயமா? நாலு நாளா எங்க வீட்டுல அவன் ஒரு வாய் திங்கல. எம்புட்டுக் கறி போட்டிருந்தா இப்படி இருப்பான்?"

உள்ளேயிருந்து பாயம்மா வெளியே வந்தார். "என்ன தம்பி, கறியா? இவுகளுக்கு வயித்துப்புண்ணுன்னு டாக்டர் சொல்லி, இந்த வீட்டுல கறி வாசமே இல்லாமப் போச்சு. ரெண்டு மாசமாச்சு. அடுப்படியில வந்து பாருங்க."

அப்போதுதான் பாயின் தட்டைப் பார்த்தேன். உப்பில்லாத கஞ்சி. பக்கத்தில் ரெண்டு ரொட்டி. அவ்வளவுதான்.

"அப்ப துரைக்கு நீங்க என்னதான் போடுறீங்க?"

"நான் திங்கிற ரொட்டியில ஒரு துண்டைப் பால்ல நனைச்சு வைப்பேன்," என்றார் பாய். "அதையும் நாலு நாளாத் தொடலை தம்பி. சரி, உங்க வீட்டுல நல்லா கவனிக்கிறீக போல, இனிமே நம்ம வீடு அவனுக்கு எதுக்குன்னு நினைச்சேன். கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. எப்படிக் கேக்குறதுன்னு பேசாம இருந்துட்டேன்."

அவர் கையில் எடுத்த கஞ்சியை அப்படியே வைத்தார்.

"அப்படின்னா..." என்றார் பாய்.

"ரெண்டு வீட்டுலயும் சாப்பிடல," என்றேன் நான்.

"யா அல்லா!" என்று அவர் எழுந்த வேகத்தில் கஞ்சித்தட்டு கவிழ்ந்தது. வயித்துப்புண்காரர் என்னை முந்திக்கொண்டு என் வீட்டுக்கே ஓடினார்.

அண்டாவுக்குப் பின்னாலிருந்து அவனை எடுத்தபோது உடம்பில் கனமே இல்லை. முதுகெலும்பு கையில் தட்டியது. கண்ணில் பாதியை ஒரு வெள்ளைத்தோல் மூடியிருந்தது. வாயை முழுக்க மூட முடியாமல் வைத்திருந்தான், ஒழுகுகிற எச்சிலில் ரத்தம் கலந்திருந்தது. என்னைப் பார்த்து வாயை அசைத்தான், சத்தம் வரவில்லை. அவ்வளவு நேரம் எனக்குள் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பயம்தான் இருந்தது.

குதிரை வண்டி ஒன்றைப் பிடித்தோம். பாய் தன் தோளில் கிடந்த துண்டை விரித்துத் துரையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சரோஜா பக்கத்தில். எனக்கு வண்டிக்காரர் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரத்தான் இடம் கிடைத்தது. வண்டி ஆட ஆட நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சாகக் கிடக்கிற பூனை அவர் மடியில் இருக்கிறதே, என் மடியில் இல்லையே என்று அப்போதும் ஒரு ஓரத்தில் எரிந்தது. (இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டேன்.)

மாட்டாஸ்பத்திரி என்றுதான் ஊரில் சொல்வார்கள். போனால் கன்னிவாடியிலிருந்து வந்த ஒரு அம்மாள் ரெண்டு ஆட்டோடு நின்றது. சேவுகம்பட்டிக்காரர் ஒருவர் காளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பூனையைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எல்லாரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர், ஒட்டன்சத்திரம் பக்கம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசினார்.

"ஏனுங்க, எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?"

"நாலு நாளா," என்றாள் சரோஜா. "தட்டுக்கிட்ட வருது, மோந்து பாக்குது, போயிருது. காலால வாயை வாயை இழுத்துக்கிருது. தண்ணியும் குடிக்கல, அண்டாவுக்குப் பின்னால இருட்டுல போய் ஒளிஞ்சுக்கிருது."

நான் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தேன். அத்தனையையும் கவனித்திருக்கிறாள்!

"பசி இருக்குதுங்க, திங்க முடியறதில்லைங்க," என்றார் டாக்டர். "எலும்பு கிலும்பு ஏதாச்சும் தின்னுச்சுங்களா?"

"எங்க வீட்டுல எலும்புக்கே வழியில்லங்க டாக்டர். நாங்க சுத்த சைவம்," என்றாள் சரோஜா நிமிர்ந்து.

"எங்க வீட்டுலயும் ரெண்டு மாசமாக் கிடையாதுங்க," என்றார் பாய்.

எல்லோரும் இருக்கிறார்கள். சரோஜா என் பக்கத்திலேயே நிற்கிறாள். வேண்டாம், டாக்டர் எப்படியும் வாயைத் திறந்து பார்ப்பார், அவராகவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்தேன்.

டாக்டர் கையை நீட்டியவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எலும்பும் இல்லைங்கறீங்க. எச்சில் ஒழுகுது, தண்ணி குடிக்கிறதில்லை, இருட்டுல போய் ஒளிஞ்சுக்குது. அப்புறம் வேற மாதிரித்தானுங்க யோசிக்கோணும். வெறிநோயா இருந்தா வாய்க்குள்ள கையை விடறது ஆபத்துங்க. இதோட எச்சில் யார் யார் கையில பட்டுதுங்க?"

மூன்று பேரும் கையைத் தூக்கினோம்.

"அப்படின்னா மூணு பேருக்கும் பதினாலு ஊசிங்க," என்றார், அதே மரியாதையோடு. "தொப்புளைச் சுத்திங்க. தினம் ஒண்ணுங்க."

என் கை தானாகப் போய்த் தொப்புளைப் பொத்திக்கொண்டது.

"பூனை?" என்று கேட்டார் பாய்.

"தனியாக் கூண்டுல போட்டுப் பத்து நாள் பாக்கோணுமுங்க. இது இருக்கற நெலமைக்குப் பத்து நாள் தாங்காதுங்க."

பாய் துண்டோடு துரையை மார்பில் அணைத்துக்கொண்டார். அந்த மெதுவான குரல் உடைந்துபோனது. "டாக்டர், எனக்குப் பதினாலுக்கு இருவத்தெட்டாப் போடுங்க. இவனைக் கூண்டுல மட்டும் போட்றாதீங்க. உள்ள தனியாச் செத்துப்போயிருவான்."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும்! ரெண்டு வருஷம் வளர்த்தவன் நான். பூனைக்காக இருபத்தெட்டு ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர் வீட்டுக்காரர், நேற்று வந்தவர், சொல்லிவிட்டார். பொறாமையா, வெட்கமா, என்னவென்றே தெரியாத ஒன்று அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது.

"டாக்டர்," என்றேன். "கோழி."

"என்னங்க?"

"ஞாயித்துக்கிழமை. கோழி வறுவல். நான்தான் மெஸ்ஸுல வாங்கிப் போட்டேன்."

காளை மாடு உட்பட அத்தனை பேரும் என்னைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. சரோஜா பக்கம் நான் திரும்பவே இல்லை.

"எலும்போடவா போட்டீங்க?"

"எலும்பை எடுத்துட்டுப் போடணும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் சைவம்."

"அட பாவி மகனே!" என்றது ஆட்டுக்கார அம்மாள். "நல்லாருக்குடா உன் சைவம்!"

அதற்குப் பிறகு எல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. துண்டை இறுக்கிச் சுற்றிப் பாய் பிடித்துக்கொள்ள, கம்பவுண்டர் வாயைத் திறந்து பிடிக்க, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலண்ணத்தில், இந்தப் பக்கக் கடைவாய்ப்பல்லுக்கும் அந்தப் பக்கக் கடைவாய்ப்பல்லுக்கும் குறுக்கே ஒரு எலும்புத்துண்டு பாலம் போட்டமாதிரி மாட்டியிருந்தது. இடுக்கியால் பிடித்து ஒரு திருகு. ‘டிக்’கென்று வந்தது. துரை நாலு நாளுக்குப் பிறகு வாயை முழுக்க மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். அப்புறம் கிண்ணத்தில் வைத்த தண்ணீரை நக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். ஆட்டுக்கார அம்மாள்கூட மூக்கை உறிஞ்சியது.

"பூனைங்க வலிச்சாக் கத்தறதில்லைங்க," என்று மருந்து எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டர். "ஒளிஞ்சுக்குமுங்க. ஒரு நாள் முழுக்க சோத்தைத் தொடலைன்னாலே உடனே கொண்டாந்துரோணும். நாலு நாள் விடக்கூடாதுங்க."

திரும்பி வரும்போது குதிரை வண்டியில் நான் சரோஜாவையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தேன். அசைவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்குத் திட்டப்போகிறாள், கொல்லை முழுக்கச் சாணி தெளிக்கச் சொல்லப்போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். ஆனால் அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"நாலு வருஷமாச்சு நம்ம கல்யாணமாகி. எனக்குன்னு என்னைக்காச்சும் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிட்டு வந்திருக்கீங்களா? ஒரு முழம் பூ? பூனைக்குக் கோழி வறுவல் வாங்கத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு வாய் எரியுமேன்னு கழுவி வேற குடுக்கத் தெரிஞ்சிருக்கு!"

(கழுவினது இவளுக்கு எப்படித் தெரிந்தது? எவனோ வறுத்த கோழியைக் கழுவினான் என்று பம்படியில் பேச்சு, அந்த எவன் யாரென்று ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு விளங்கியிருக்கிறது. அடிபம்பு இருக்கிற தெருவில் ரகசியம் ஏது?)

"இல்ல சரோஜா, பாய் கறி போட்டு இழுக்குறாருன்னு நினைச்சு..."

"பாய் ஒண்ணுமே போடல. அவரு செத்த நேரம் அது கூட உக்காந்தாரு. நீங்க தட்டை வச்சுட்டு, திங்கிதா இல்லையான்னு நின்னு பாத்தீங்க. அம்புட்டுத்தான் வித்தியாசம். அது பூனை, எந்திரிச்சுப் போயிருச்சு. நான் எங்க போறது?"

பாய் ரொம்ப அக்கறையாக மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டிக்காரர் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக ஓட்டினார். என்னால் இறங்கி ஓடவும் முடியவில்லை. பாயைப் பார்த்து நான் எரிந்துகொண்டிருந்த அத்தனை நாளும், பூனையைப் பார்த்து ஒருத்தி என் வீட்டுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அறிகுறி கண்டுபிடிப்பதில் நான் எல்லா உயிர்களிடமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கடையில் அல்வா வாங்கினேன். அதை அவள் கையால் வாங்க ரெண்டு நாளாயிற்று.

துரை பிழைத்தான். அதற்குப் பிறகும் பகலெல்லாம் பாய் மடியில்தான் கிடந்தான். பாய் பெருந்தன்மையாக அவனைத் ‘துரை சுல்தான்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெருந்தன்மை மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் சாயங்காலம் வந்ததும் கொல்லையில் துவைக்கிற கல்லில் சும்மா உட்கார ஆரம்பித்தேன். தட்டு இல்லை, பால் இல்லை. ஒரு வாரம் கழித்துத் துரை ஒரு பக்கம் வந்து உட்கார்ந்தான். இன்னும் கொஞ்ச நாளில் இன்னொரு பக்கம் சரோஜா வந்து உட்கார்ந்தாள், பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டு. பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது.

ஆனால் அந்த மாட்டாஸ்பத்திரியில் நான் வாயைத் திறந்தேனே, அது பூனைக்காகவா, ஊசிக்காகவா என்ற வழக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்றுவரை தீரவில்லை. பூனைக்காக என்று நான் சொல்வேன். சரோஜா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தொப்புளைத் தொட்டுக் காட்டுவாள். பிறகு பிறந்த பிள்ளைகள் ரெண்டும் அவள் கட்சி. மருமகளும் வந்த மூன்றாம் நாளே அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

போன வருஷம் எனக்கு ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் என்னவோ செய்தது. நான் யாரிடமும் சொல்லாமல் மாடி ரூமில் போய்ப் படுத்துக்கொண்டேன். ரெண்டாம் நாள் காலையில் சரோஜா வந்து நின்று ஒரு பார்வை பார்த்தாள். "கிளம்புங்க," என்றாள். ஒரு பேச்சுக்கு இடம் தரவில்லை, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனாள். காத்திருந்த நேரம் முழுக்க என் கையை விடவே இல்லை. அவள் கை சில்லிட்டிருந்தது.

டாக்டர் சின்னப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டது.

எனக்குச் சர்க்கரை என்று சரோஜா இனிப்பை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. மூன்று நாளுக்கு முன்னால் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டே நான் கால் கிலோவைத் தின்றது யாருக்கும் தெரியாது.

"ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர்," என்றேன். "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்."

சரோஜா என் கையை விடாமலே முன்னால் சாய்ந்தாள்.

"இவரு சும்மா கேட்டாச் சொல்ல மாட்டாரும்மா," என்றாள். "பதினாலு ஊசின்னு சொல்லிப் பாருங்க. என்ன தின்னாரு, எந்தக் கடையில தின்னாரு, எல்லாத்தையும் கொட்டிருவாரு."